பெரிய டயர் போட்ட பழைய ஜீப்புக்கு வலுவான பவர் ஸ்டீயரிங் பம்ப் மாட்டுவது எப்படி?

ராங்ளர் டிஜே என்ற பழைய ஜீப்பில் 33 இன்ச் டயர், பாறையில் ஊர்ந்து போகும்போது ஸ்டீயரிங் கல்லாகிறது என்றால், முதலில் பெல்ட் வழுக்குகிறதா, ஆயில் நுரைக்கிறதா என்று பாருங்கள். பம்பே மாற்றாமல் தப்பிக்கலாம்.

பம்பின் அழுத்தம் பலம் தரும். ஓட்டம், அதாவது பம்ப் தள்ளும் ஆயிலின் அளவு, ஸ்டீயரிங் திரும்பும் வேகம் தரும். இன்ஜின் மெதுவாகச் சுற்றும் ஐட்லிங்கில் குறைவது ஓட்டம். அதனால் அதிக ஓட்டம் தரும் பம்ப் வாங்குங்கள். கூடவே ஆயிலைக் குளிர்விக்கும் கூலரும் போடுங்கள், சூடுதான் பம்பைக் கொல்லும்.

பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியைச் சுத்தியலால் தட்டி ஏற்றாதீர்கள். அந்த அடி புதுப் பம்பின் உள்பாகங்களில் இறங்கும். ஷாஃப்ட் நுனி மரையில் திருகி ஏற்றும் கருவி வாடகைக்குக் கிடைக்கும்.

பழைய ஆயிலை முழுக்க வடித்துவிட்டுப் புதியதை நிரப்புங்கள். முன்சக்கரங்களைத் தூக்கி, இன்ஜினை அணைத்தபடியே, ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாக இருபது தடவை திருப்புங்கள். குறையக் குறைய ஆயில் ஊற்றுங்கள். குமிழி நின்றபிறகே ஸ்டார்ட். அப்புறமும் முனகினால் காற்று பாக்கி இருக்கிறது.