ஹேக்கிங் சொல்லித்தராத வகுப்பில் உட்கார்ந்திருப்பது வீணா?

கேள்வி: கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தகவல் பாதுகாப்புத் துறையில் வேலைக்குப் போக ஆசை. வகுப்பிலோ சி மொழி, ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் என்றே ஓடுகிறது. சைபர் செக்யூரிட்டிக்கென்று தனியாக உள்ள பட்டப்படிப்புக்கு மாறிவிடலாமா? இல்லை, இப்போதே சான்றிதழ் தேர்வுகள் எழுதலாமா?

பதில்: மாற வேண்டாம். அலுப்பாக இருக்கிறது என்கிறீர்களே, அந்த மூன்று பாடங்களுக்குள்தான் இந்தத் துறையே இருக்கிறது. தனிப் பட்டப்படிப்பிலும் இவற்றை ஆழமாக நடத்தினால் அதுவும் நல்லதுதான். டூல்களின் பெயர்களாகவே பாடத்திட்டம் நிரம்பியிருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

2014 ஏப்ரலில் வெளியே தெரிந்த ஹார்ட்ப்ளீட் ஓட்டையைப் பாருங்கள். இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும், அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றும், ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் இருந்த பிழை அது. எதிர்முனை விழித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னச் செய்தி போகும்: ‘இதோ நாலு எழுத்து, அப்படியே திருப்பி அனுப்பு.’ சர்வரும் அனுப்பும். நாலு எழுத்தைக் கொடுத்துவிட்டு ‘இது அறுபதாயிரம் எழுத்து’ என்று ஒருவர் பொய் சொன்னால்? சர்வர் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த நாலோடு சேர்த்து, நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததையும் வாரிக் கொடுத்தது. அதில் கடவுச்சொல் இருக்கலாம், ரகசியச் சாவியே இருக்கலாம். ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை. எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். எல்லை தாண்டிப் படிக்காதே என்று சி வகுப்பில் அர்ரே நடத்தும்போது சொன்னார்களே, அதே தவறுதான். 2012இல் வந்த பதிப்பிலேயே இருந்தது.

நெட்வொர்க் பாடத்தையும் இப்படிக் கண்ணால் பார்க்கலாம். நெட்வொர்க்கில் போய்வரும் தகவலை வரி வரியாகக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை இறக்கி, ஓடவிட்டு, பிரவுசரில் ஏதாவது ஒரு தளத்தைத் திறங்கள். டிசிபி இணைப்பு என்றால் சின் (பேசலாமா?), சின்-ஆக் (பேசலாம், கேட்கிறதா?), ஆக் (கேட்கிறது) என்று மூன்று வரிகள் வரும். புத்தகத்தில் மனப்பாடம் செய்த கைகுலுக்கல் இதுதான். ஒரே முகவரியிலிருந்து நூற்றுக்கணக்கான போர்ட்டுகளுக்கு (ஒரு கணினிக்குள் நுழைய உள்ள எண்ணிட்ட கதவுகள்) வெறும் சின் மட்டும் வந்து, கைகுலுக்கல் முடியாமலே நின்றால், யாரோ ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கிறார் என்று பொருள். முதல் வேலையில் உங்கள் முன்னால் வந்து விழப்போவதும் இந்த மாதிரி வரிகள்தான்.

பயிற்சிக்கு உங்கள் லேப்டாப்பிலேயே இரண்டு விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) போடுங்கள், வெளி நெட்வொர்க்கோடு இணைக்காமல். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தவறான கடவுச்சொல் கொடுத்து எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக நுழையப் பாருங்கள். பிறகு அந்த இரண்டாவது மெஷினுக்குள் போய், நடந்ததைத் தானாகக் குறித்துவைக்கும் லாகில் என்ன பதிவாகியிருக்கிறது என்று தேடுங்கள். செய்ததை ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். தாக்கத் தெரிந்த மாணவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். நடந்ததை அடுத்தவருக்குப் புரியும்படி எழுதத் தெரிந்தவர் அரிது. பயிற்சிப் புதிர்கள் வேண்டுமென்றால் இணையத்தில் பிக்கோசிடிஎஃப், ஓவர்தவயர் தளத்தின் பேண்டிட் இரண்டும் இலவசம்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். எழுத்தில் அனுமதி இல்லாத எந்தக் கணினியையும் தொடாதீர்கள். கல்லூரி சர்வரையும்தான். ‘ஓட்டையைக் காட்டத்தான் செய்தேன்’ என்பது சட்டத்தின் முன் நிற்காது.

சான்றிதழுக்கு அவசரமில்லை. இந்தத் துறையில் அனுபவசாலிகள் வாங்கும் சிஐஎஸ்எஸ்பி முழுச் சான்றிதழுக்குப் பொதுவாக ஐந்தாண்டுப் பணி அனுபவம் கேட்பார்கள், மாணவருக்கானதே அல்ல. ஓஎஸ்சிபி, கணினிகளுக்குள் ஊடுருவிக் காட்டச் சொல்லும், கிட்டத்தட்ட 24 மணி நேரம் நீளும் செய்முறைத் தேர்வு. கை பழகாமல் பணத்தைக் கட்டாதீர்கள். இறுதியாண்டில் செக்யூரிட்டி பிளஸ் என்ற தொடக்கநிலைத் தேர்வை எழுதினால் போதும்.

வேலை சினிமா மாதிரி இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை பரவியது. அது பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) வெளியிட்டிருந்தது. எந்தக் கணினியில் பேட்ச் விழவில்லை என்று பட்டியல் போட்டு, சம்பந்தப்பட்டவரை விடாமல் நச்சரிப்பதும் இந்த வேலையில் பெரும்பங்கு.

அடுத்த பருவத்தில் விருப்பப்பாடம் எடுக்க வாய்ப்பிருந்தால் டேட்டாபேஸ் எடுங்கள். மறையாக்கத்தைச் சொல்லித்தரும் கிரிப்டோகிராஃபி அதற்கு அடுத்த பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம். டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் வினவலை ஒழுங்காக எழுதத் தெரிந்தவருக்கு, அந்த வினவலுக்குள் தாக்குபவர் தன் கட்டளையைத் திணிக்கும் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் ஒரு மாலையில் புரிந்துவிடும்.