கேள்வி – பதில்: சவரக்கத்தியில் மங்கிய பூவேலை

கேள்வி: கத்திகளுக்குப் பேர்போன ஜெர்மன் நகரமான சோலிங்கனின் முத்திரையுள்ள பழைய மடக்குச் சவரக்கத்தி ஒன்று கிடைத்தது. அலகின் பக்கவாட்டில் உள்ள எழுத்தும் பூவேலையும் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகின்றன. புள்ளி புள்ளியாய்த் துருவும் இருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்தால் தெளியுமா?

பதில்: உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள். கைப்பிடிக்கு அருகே இருக்கும் முத்திரை அடித்துப் பதித்தது, ஆழமானது. பக்கவாட்டுப் பூவேலை அமிலம் மேலாக அரித்தது. நாலு இழுப்பில் போய்விடும்.

முதலில் வெட்டுமுனையில் டேப் ஒட்டிவிட்டு, நகத்தால் கோடுகளுக்குக் குறுக்கே மெல்லக் கீறிப் பாருங்கள். நகம் தடுக்கினால் ஆழம் மிச்சமிருக்கிறது. வழுக்கிக்கொண்டு போனால் இருப்பது வெறும் நிழல்தான். அப்போது எண்ணெய் பூசி வைப்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

துருவின் மேல் மினரல் ஆயில் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, பல்குத்தும் குச்சியால் நெம்புங்கள். போகாததற்கு 0000 எண் ஸ்டீல் வுல் (மிக நுண்ணிய இரும்பு நார்), அதுவும் பூவேலைக்கு வெளியே மட்டும். கோடுகளில் பொன்பூச்சு மின்னினால் பாலிஷ் எதுவும் வேண்டாம். ஒரே துடைப்பில் துணியோடு வந்துவிடும். கைப்பிடி செல்லுலாய்டாக இருந்தால் அசிட்டோனும் ஆகாது, கரைந்துவிடும்.

நகம் தடுக்கிய, பொன்பூச்சில்லாத பொறிப்புக்குக் கறுப்பேற்றலாம். எண்ணெய்ப் பசையை நன்றாகப் போக்கி, கையுறை போட்டு, துப்பாக்கிக்குப் பூசும் கன் ப்ளூ திரவத்தைப் பஞ்சுக்குச்சியால் கோடுகளில் தடவுங்கள். ஒரு நிமிடத்தில் கழுவித் துடைத்து, மேற்பரப்பில் படிந்த கறுப்பை மட்டும் பாலிஷால் எடுங்கள். இங்கேதான் பலர் தவறிவிடுவார்கள். மெத்தென்ற துணி கோட்டுக்குள் இறங்கி அங்கிருக்கும் கறுப்பையும் வழித்துவிடும். அலகின் குழிவுக்கு ஏற்பச் செதுக்கிய தக்கையில் பாலிஷ் தடவிய சாதாரணத் தாளைச் சுற்றித் தேய்த்தால் மேடு மட்டும் வெளுக்கும்.

கேள்வி: அதே வடிவத்தை மறுபடி பொறிக்கலாமா?

பதில்: 9 வோல்ட் பேட்டரி, உப்புத்தண்ணீரில் நனைத்த பஞ்சு, வடிவத்தை வெட்டியெடுத்த ஒட்டும் வினைல் அச்சு இருந்தால் முடியும். நேர்முனை அலகுக்கு, எதிர்முனை பஞ்சுக்கு, மாற்றினால் அரிக்காது. சில விநாடிகளாக ஒற்றி ஒற்றி எடுத்து, முடிந்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் இடுங்கள். ஆனால் பழைய கோட்டின் மேல் புதிய அச்சு மயிரிழை பிசகாமல் உட்காருவது அபூர்வம். இரட்டைக் கோடாகத் தெரியும். பழம்பொருளாக மதிப்பவருக்கு அது பழுதுதான்.

கேள்வி: மெருகுச் சக்கரத்தில் பிடிக்கலாமா?

பதில்: வேண்டாம். மெல்லிய முனை நொடியில் சூடேறும். வைக்கோல் நிறம் தட்டினால் 200 டிகிரி செல்சியஸ் தாண்டிவிட்டது, முனையின் கடினம் குறைந்திருக்கும். அதன் பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது.