லூட் என்னும் தந்திக்கருவி: கேள்வி பதில்

கேள்வி: லூட்டைத் தமிழில் யாழ் என்று எழுதலாமா?

எழுத வேண்டாம். யாழ் வில்லின் வடிவத்தில் அமைந்த கருவி. அதில் ஒவ்வொரு நரம்பும் ஒரு சுரத்துக்கு உரியது. விரலால் அழுத்தி நரம்பின் நீளத்தைக் குறைப்பதற்கான கழுத்து அதற்கு இல்லை. லூட்டில் கழுத்தும், அதன் குறுக்கே விரல் அழுத்தும் இடங்களைக் காட்டும் மெட்டுகளும் இருப்பதால் ஒரே தந்தியில் பல சுரங்கள் பிறக்கின்றன. அந்த வகையில் அது வீணைக்கே நெருங்கிய உறவு. ஆனால் லூட்டின் மெட்டுகள் வீணையில் போல மெழுகில் பதித்தவை அல்ல. கழுத்தைச் சுற்றிக் கட்டிய, விலங்குக் குடலில் திரித்த குடல் நரம்புகளான அவற்றை வேண்டியபடி சற்றே நகர்த்திக்கொள்ளலாம்.

கேள்வி: இது எங்கிருந்து வந்தது? வாசிக்கும் முறை எப்போது மாறியது?

பெயரிலேயே பாதி வரலாறு இருக்கிறது. மரம் என்று பொருள்படும் அரபுச் சொல்லான 'அல் ஊத்' ஐரோப்பிய மொழிகளில் லூட் ஆயிற்று. அரபு ஆட்சியில் இருந்த ஸ்பெயின் வழியாகவும் சிசிலி வழியாகவும் கருவி ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. தொடக்கத்தில் அதை இறகுத் தண்டால் மீட்டினார்கள். அதனால் பெரும்பாலும் ஒற்றை இசைவரியையே வாசிக்க முடிந்தது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இறகை விட்டுவிட்டு விரல் நுனிகளால் மீட்டத் தொடங்கியதே பெரும் திருப்பம். ஒரே கையால் மூன்று, நான்கு இசைவரிகளைத் தனித்தனியே நகர்த்த முடிந்ததும், பாடகர் குழுவுக்காக எழுதப்பட்ட இசையை ஒருவரே மடியில் வைத்து வாசிக்கலாயினர்.

1507இல் வெனிசில் பெத்ருச்சி என்பவர் ஸ்பினாசீனோவின் லூட் இசையை அச்சிட்டார். அந்த ஏட்டில் சுரங்கள் இல்லை. ஆறு கோடுகளும் அவற்றின் மேல் எண்களும் இருக்கின்றன. கோடு தந்தியைக் குறிக்கும், எண் மெட்டைக் குறிக்கும். பிரெஞ்சுக்காரர்கள் எண்ணுக்குப் பதிலாக எழுத்துகளை இட்டார்கள். இந்தக் குறியீட்டை நான் மிகவும் மதிப்பதற்குக் காரணம், ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கலைஞரின் விரல் எந்தத் தந்தியில் எந்த இடத்தில் நின்றது என்பதை இன்று நம் விரலுக்கே அது சொல்லிவிடுகிறது என்பதுதான்.

கேள்வி: லூட்டில் கிடாரின் எஃகுத் தந்திகளைக் கட்டலாமா?

கூடாது. லூட்டின் மேற்பலகை ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் தடிப்புள்ள ஸ்ப்ரூஸ் மரம். உட்புறம் ஒட்டிய மெல்லிய குறுக்குச் சட்டங்களே அதைத் தாங்குகின்றன. தந்திகளைக் கட்டும் குதிரையும் அந்தப் பலகைமேல் பசையால் ஒட்டியதே. எஃகின் இழுவையில் குதிரை பெயர்ந்து வரும், அல்லது பலகை குழிந்துவிடும். குடல் நரம்போ, அதற்கு மாற்றான மெல்லிய நைலான் தந்தியோதான் பொருந்தும்.

கேள்வி: ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் லூட்டுக்காக எழுதிய நான்கு தொகுப்புகளை எந்த வரிசையில் பயில வேண்டும்?

வரிசையைச் சொல்வதற்கு முன் 'லூட்டுக்காக எழுதிய' என்பதையே நாம் பேச வேண்டும். அவற்றுள், பாக்கின் படைப்புப் பட்டியலில் 995ஆம் எண் கொண்ட தொகுப்பில் மட்டுமே பாக் தம் கையால் லூட் என்று எழுதியிருக்கிறார். அதுவும் அவரே செல்லோவுக்கு எழுதிய தொகுப்பின் மறுவடிவம். அன்றைய 13 இணை லூட்டில் (இணை என்பது சேர்த்து மீட்டும் இரட்டைத் தந்தி) இல்லாத ஒரு கீழ்ச்சுரத்தை அது கேட்கிறது.

கேள்வி (அதே வாசகர்): கிடார்க் கலைஞர்கள் அனைவரும் அவற்றை லூட் இசை என்றுதானே அச்சிடுகிறார்கள்? பாக் லூட் வாசித்தவர் அல்லவா?

அச்சிடுவது சான்றாகாது. 996ஆம் தொகுப்பின் பழைய பிரதியில் 'லாவுட்டன்வெர்க்கில் வாசிக்க' என்ற குறிப்பு வேறொருவர் கையெழுத்தில் இருக்கிறது. அது குடல் நரம்பு பூட்டி லூட்டைப் போல ஒலிக்கச் செய்த விசைப்பலகைக் கருவி. 1750இல் பாக் இறந்தபின் எடுத்த உடைமைப் பட்டியலில் அத்தகைய கருவிகள் இரண்டு இருந்தன. லூட்டும் ஒன்று இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் இருந்ததாலேயே அவர் வாசித்தார் என்று ஆகிவிடாது.

கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் பாக் லூட்டை அறியாதவர் என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவே இல்லை. 1724இல் அரங்கேறிய, இயேசுவின் துன்பங்களைச் சொல்லும் 'யோவான் பாடுகள்' இசையில் ஒரு பாடலுக்கு லூட்டையே துணையாக வைத்தார். 1727இல் எழுதிய இரங்கல் இசையில் இரண்டு லூட்டுகள் உண்டு. டிரெஸ்டன் அரசவையின் லூட் மேதை வைஸ் 1739இல் லைப்சிக்கில் அவரைச் சந்தித்தார். லூட்டின் குரலை பாக் நேசித்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் லூட்டின் விரலமைப்பிலிருந்தே பிறந்த இசை வேண்டுமென்றால் வைஸிடம் செல்லுங்கள். நூற்றுக்கணக்கான படைப்புகளை விட்டுச்சென்ற அந்த மனிதரை விட்டுவிட்டு, பாக்கின் நான்கு தொகுப்புகளையே ஆண்டுக்கணக்கில் சுற்றிவருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கேள்வி: என்னிடம் கிடார் மட்டுமே உள்ளது. லூட் இசையை வாசிக்க வழி உண்டா?

உண்டு. மூன்றாம் தந்தியை அரைச் சுரம் இறக்குங்கள். தந்திகளுக்கு இடையிலான இடைவெளிகள் மறுமலர்ச்சிக் கால லூட்டின் இடைவெளிகளே ஆகிவிடும். மூன்றாம் மெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்தும் பிடி) பூட்டினால் சுருதியும் பொருந்தும். பிறகு ஆங்கில லூட் கலைஞர் டவ்லண்டின் எளிய நடன இசையில் தொடங்கலாம்.

கேள்வி: மெல்லிய எஃகுத் தந்தி என்றால் பரவாயில்லையா?

பரவாயில்லை அல்ல. மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் கிடாரின் கழுத்து வளைந்துவிட்டது. என்ன செய்வது?

கிடார் பழுதுபார்ப்பவரிடம் நேரில் காட்டுங்கள்.

கேள்வி: இத்தனை சிறந்த கருவி ஏன் வழக்கொழிந்தது?

தந்திகள் பெருகியது ஒரு காரணம். வைஸின் காலத்து லூட்டில் 13 இணைகளில் 24 தந்திகள் (முதல் இரண்டு மட்டும் ஒற்றைத் தந்திகள்); குடல் நரம்பு ஈரக் காற்றுக்கும் வெப்பத்துக்கும் உடனே சுருதி மாறும். எண்பது ஆண்டு வாழும் லூட் கலைஞர் அறுபது ஆண்டுகளைச் சுருதி சேர்ப்பதிலேயே கழித்திருப்பார் என்று ஜெர்மானிய இசை எழுத்தாளர் மத்தேசன் 1713இல் எழுதினார். அரங்குகள் பெரிதாகி விசைப்பலகைகள் உரத்து ஒலித்தபோது, சிறு அறைக்கு உரிய இந்தக் குரல் கேட்காமல் போயிற்று.

கேள்வி: எஃகில்லாவிட்டால் பித்தளைத் தந்தி?

உலோகத் தந்தி எதுவும் வேண்டாம். இந்தக் கேள்விக்கு இனிப் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: ஈரக் காற்றிலிருந்து லூட்டை எப்படிக் காப்பது?

பெட்டியில் மூடி, வெயிலும் ஈரச்சுவரும் படாத இடத்தில் வையுங்கள். 1676இல் ஆங்கில லூட் கலைஞர் தாமஸ் மேஸ் சொன்ன வழி வேறு: நாள்தோறும் புழங்கும் படுக்கையில், பகல் வேளையில், மேல்விரிப்புக்கும் கம்பளிக்கும் நடுவே லூட்டை வைக்க வேண்டும், பசை விடாது, நரம்புகள் நீடிக்கும். உள்ளே லூட் இருக்கும்போது யாரும் அந்தப் படுக்கையில் விழுந்துவிடக் கூடாது என்பதையும் அவர் மறக்காமல் எழுதிவைத்தார்.