கையைப் பார்த்துத் துப்பாக்கி வாங்குங்கள்

கேள்வி: சேர், படிக்கும் காலத்தில் கழகத்து எயார் பிஸ்டலில் 10 மீட்டர் சுட்டுப் பழகினேன். இப்போது தலவாக்கலையில் வேலை. சொந்தமாக ஒன்று வாங்கிப் போட்டிகளுக்குப் போக ஆசை. எந்த மொடல் நல்லது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். காஸ் அடைத்த பிஸ்டல் மலிவு, அதை வாங்கு என்கிறார் ஒருவர். பழையது ஒன்றும் விலைக்கு வந்திருக்கிறது. என் கை வேறு சிறியது. எதை வாங்கலாம்?
– வாசகி, தலவாக்கலை

பதில்: மகள், மொடலை இப்போதைக்கு விடுங்கள். கை சிறியது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

போட்டிப் பிஸ்டலின் மரப்பிடி சிறிது, நடுத்தரம், பெரிது என்று அளவுகளில் வரும். வலக்கைக்கும் இடக்கைக்கும் தனித்தனி. கையில் எடுத்ததும் முதலில் ஆட்காட்டி விரலைப் பாருங்கள். விரல் நுனியின் சதைப் பகுதி விசையில், அதாவது சுடுவதற்கு இழுக்கும் கொக்கியில், நேராகப் படிந்து, பின்பக்கமாக நேரே இழுக்க வர வேண்டும். எட்டி எட்டித் தொடுகிறீர்கள் என்றால் அந்தப் பிடி உங்களுக்கு இல்லை. ஒவ்வொரு சூட்டிலும் குழாய் பக்கவாட்டில் இழுபடும்.

அடுத்தது, நான் எல்லோரையும் செய்யச் சொல்லும் பரிசோதனை. குண்டு இல்லை என்று இரண்டு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். இலக்குப் பக்கம் திரும்பி நின்று, கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்துங்கள். மூச்சை விட்டுக் கண்ணைத் திறங்கள். குழாய் முனையில் இருக்கும் முன்குறி, கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பின்குறியின் பள்ளத்துக்கு நடுவில் தானாக வந்து நிற்கிறதா? நின்றால் பிடி பொருந்துகிறது. ஒரே பக்கமாக ஒதுங்கி நின்றால், மணிக்கட்டை முறுக்கித்தான் நேராக்க வேண்டியிருக்கும். 60 சூடும் அப்படி முறுக்கிக்கொண்டு சுட முடியாது. பெண்களுக்கு முன்பு 40 சூடுதான். 2018இலிருந்து ஆண்களைப் போலவே 60 சூடு, 75 நிமிடம், ஒற்றைக் கை. கொஞ்சம் பொருந்தாத பிடியை அரத்தாள் போட்டுத் தேய்க்கலாம், மரப் பசை வைத்துத் திருத்தலாம். அளவே தவறு என்றால் தேய்த்தும் பயனில்லை.

பாரமும் அப்படித்தான். விதி 1500 கிராம் வரை விடுகிறது. அதற்காக அவ்வளவு பாரம் தேவையில்லை, ஒரு கிலோவைச் சுற்றி இருந்தாலே உங்களுக்குப் போதும். விசை குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும். போட்டிக்கு முன் எடை தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். ஆகவே அதைத் திருத்தி வைக்கக்கூடிய விசையாக இருக்க வேண்டும்.

காஸ் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு அதை வாங்கச் சொன்னவர் கொழும்பின் வெப்பத்தை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். அந்தக் காஸ் கரியமில வாயு; சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது, அதன் அழுத்தம் குளிருக்கு இறங்கிவிடும். 20 பாகையில் சுமார் 57 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு), 10 பாகையில் 45 பார். தை மாதத்துக் காலைக் குளிரில் தலவாக்கலை மலையில் பழகிவிட்டுப் போட்டிக்குக் கீழே இறங்கினால், அதே பிஸ்டலின் குண்டு இலக்கில் வேறு இடத்தில் விழும். வாங்க வேண்டாம்.

காற்று அடைக்கும் சிலிண்டர் பிஸ்டல்தான் இன்று போட்டியில் எல்லோர் கையிலும் இருக்கிறது. அதை 200 பார் வரை நிரப்ப வேண்டும். கரையோரத்தில் சுழியோடிகளின் காற்றுத் தாங்கியிலிருந்து நிரப்பிக்கொள்வார்கள். மலையில் அதற்கு எங்கே போவீர்கள்? கைப்பம்புதான் வழி. ஈரத்தை வடிக்கும் வடிகட்டி இல்லாத பம்பை வாங்காதீர்கள். நம்மூர் மூடுபனி அப்படியே சிலிண்டருக்குள் போய் உள்ளே அரிக்கும்.

உங்கள் இடத்துக்கும் காசுக்கும் என் விருப்பம் வேறு. ஒவ்வொரு சூட்டுக்கும் நெம்புகோலை ஒரு தடவை அழுத்திக் காற்று ஏற்றும் வகை இருக்கிறது. ரஷ்யாவின் பைக்கால் ஐஇசட்எச் 46எம் அந்த வகை. சிலிண்டரும் இல்லை, பம்பும் இல்லை, குளிரும் அதை அசைக்காது. முன்பாரம் கூடியது, நெம்புகோலுக்கும் தோளில் பலம் வேண்டும். ஆனாலும் குறி சுத்தமாக வரும். எடுத்துப் பாருங்கள், கை ஏற்றுக்கொண்டால் முதல் பிஸ்டலுக்கு அது தாராளம்.

விலைக்கு வந்திருக்கும் பழையது சிலிண்டர் வகை என்றால், சிலிண்டரில் பொறித்திருக்கும் திகதியைப் படியுங்கள். பொதுவாக 10 வருடம்தான் அதன் ஆயுள். அது முடிந்திருந்தால் போட்டியில் விடமாட்டார்கள். அதைவிட முக்கியம், உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் 200 பார் அழுத்தம் இருக்கிறது என்பது.

குண்டு 4.5 மில்லிமீட்டர், தட்டை முனை. கடதாசியில் வட்டமாகத் துளை விழும், புள்ளி எண்ணுவதில் சண்டை வராது. பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். அதனால் இரண்டு மூன்று வகைக் குண்டு வாங்கி, எது நெருக்கமாக விழுகிறது என்று பார்த்த பிறகு மொத்தமாக வாங்குங்கள்.

காசு கைமாறும் முன் கழகத்தின் ஊடாக எழுத்தில் அனுமதி விஷயத்தை முடித்துவிடுங்கள். கழகம் இல்லாமல் தனியாக இறக்குமதி செய்யப் பார்க்க வேண்டாம். வீட்டில் பூட்டிய பெட்டி. பஸ்ஸில் கொண்டு போகும்போதும் பெட்டிக்குள்தான், வெளியே எடுத்துக் காட்டக் கூடாது.

கேள்வி: ஐயா, அட்டனில் கடை வைத்திருக்கிறேன். இரவில் காசோடு வீடு போகப் பயமாக இருக்கிறது. முதல் கைத்துப்பாக்கியாக ரிவோல்வர் நல்லதா, பிஸ்டல் நல்லதா?
– வாசகர், அட்டன்

பதில்: இரண்டும் வேண்டாம், ஐயா. தற்பாதுகாப்புத் துப்பாக்கிக்கு அனுமதிப்பத்திரம் தருவது பாதுகாப்பு அமைச்சு, அதுவும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. 2024 இறுதியில், ஏற்கெனவே கொடுத்தவற்றையே மீளாய்வுக்கு ஒப்படைக்கச் சொன்னார்கள். கள்ளத்தனமாக ஒன்று வைத்திருப்பது 1916இலிருந்தே சட்டப்படி குற்றம், உங்கள் கடையும் குடும்பமும் அதோடு போகும்.

பயிற்சி இல்லாதவருக்கு இருட்டில், கை நடுங்கும்போது, துப்பாக்கி பாரம் மட்டும்தான். பறிக்க வருகிறவன் முதலில் பறிப்பது அதைத்தான். வங்கி மூடுமுன் காசைப் போடுங்கள், மிச்சத்தைக் கடையிலேயே நல்ல பெட்டகத்தில் வையுங்கள், வீடு போகும் நேரத்தையும் வழியையும் மாற்றுங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உருளைக்கிழங்கைக் காட்டுப்பன்றி கிளறிவிடுகிறது. பக்கத்துக் காணிக்காரர் கட்டுத்துவக்கு வைத்திருக்கிறார். நானும் வைக்கலாமா?
– வாசகர், வெலிமடை

பதில்: வைக்கவே கூடாது. கட்டுத்துவக்கு என்பது பாதையின் குறுக்கே கட்டிய கம்பியில் கால் பட்டால் தானாக வெடிக்கிற துவக்கு; விடியலில் விறகுக்குப் போகிற பெண் அந்தக் கம்பியில் கால் வைத்தாலும் அது வெடிக்கும். முழங்கால் மட்டத்தில் படும், காலே போய்விடும். பயிர்க் காவலுக்குச் சட்டப்படி வேட்டைத் துவக்கு வேண்டுமென்றால் கிராம சேவகரிடம் பேசி, கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) விண்ணப்பியுங்கள். பக்கத்துக் காணியில் இருப்பதை நீங்களே அவிழ்க்கப் போகாதீர்கள். இன்றைக்கே பொலிஸுக்குச் சொல்லுங்கள், அந்தப் பாதையில் நடக்கிற எல்லோருக்கும் சொல்லுங்கள்.