அலாய் வீல் உரசலை வீட்லயே சரி பண்றது – கேள்வி பதில்

வீல் பிளாட்ஃபார்ம்ல உரசிடுச்சு, நாமளே சரி பண்ணலாமான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, எல்லாத்தையும் சேர்த்து இங்கயே பதில் சொல்லிடறேன். கார் பெயிண்ட் பட்டறைதான் எனக்குத் தொழில். எதை நீங்களே செய்யலாம், எதுல கையே வைக்கக் கூடாதுன்னு ரெண்டையும் சொல்றேன்.

கேள்வி: அண்ணா, அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட் ரேம்ப்ல திரும்பும்போது முன் வீல் சுவத்துல உரசி ஓரம் முழுக்க சொரசொரன்னு ஆயிடுச்சு. சாதா சில்வர் அலாய். கடைக்குத்தான் போகணுமா?

தேவையில்ல தம்பி, ஒரு ஞாயித்துக்கிழமை ஒதுக்குனா நீங்களே பண்ணிடலாம். ஆனா பெயிண்ட் அடிக்கிறது கடைசி வேலை, உப்புத்தாள் தேய்க்கிறதுதான் வேலையே. மொதல்ல ஷாம்பூ போட்டு வீல நல்லா கழுவி காயவிடுங்க, பிரேக் தூசி கருப்பா ஒட்டியிருக்கும் அது துளி கூட இருக்கக் கூடாது, அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு சுத்தமான துணியால தொடைங்க. டயர் பாலீஷ்ல சிலிக்கான் இருக்கும், அது கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் பெயிண்ட் மீன் கண்ணு மாதிரி குழி குழியா விலகும்.

அடுத்து 120 நம்பர் தாள்ல அந்த சொரசொரப்ப மட்டும் தேய்ச்சு இறக்குங்க. கண்ண மூடிட்டு விரல வெச்சுத் தடவிப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். மேடு போனதும் 240, அப்புறம் தண்ணி தொட்டு 400. உரசின இடத்தோட நிறுத்தாம ரெண்டு மூணு இஞ்ச் சுத்தி நல்ல பெயிண்ட் மேலயும் 800ல லேசா மங்க வைங்க, அப்பதான் புது பெயிண்ட் பழசோட கலந்து போகும், இல்லன்னா ஒட்டுப் போட்ட மாதிரி கோடு தெரியும்.

பள்ளமா கிழிஞ்சிருந்தா மட்டும் பட்டி வைங்க. பட்டிய இறுக வைக்கிற ஹார்டனர், 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் அளவுதான், சீக்கிரம் காயட்டும்னு அதிகமா கலந்தா பின்னால வெடிப்பு விடும். காஞ்சதும் மறுபடி 240, 400.

உள்ள இருக்கிற அலுமினியம் வெளிய தெரிஞ்சா அதுக்கு எட்ச் பிரைமர், அதாவது உலோகத்த லேசா அரிச்சுப் பிடிச்சுக்கற அடிப்பூச்சு தேவை. அலுமினியம் காத்து பட்டதுமே மேல ஒரு மெல்லிசான ஆக்ஸைடு படலம் கட்டிக்கும், சாதா பிரைமர் அதுல சரியா பிடிக்காது, சில மாசத்துல தோலா உரிஞ்சு வரும். அதனால தேய்ச்சு முடிச்ச அன்னிக்கே பிரைமர் அடிச்சிடுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடாதீங்க. அதுக்கு மேல சில்வர், கடைசியா கிளியர், அதாவது நிறமில்லாத பளபளப்பு மேல்பூச்சு.

கேள்வி: சார், என் வீல்ல முகப்பு பளபளன்னு கோடு கோடா இருக்கும், இடுக்குல எல்லாம் கருப்பு. இதுக்கும் இதே முறைதானா?

வேண்டாம் சார், தயவுசெஞ்சு உப்புத்தாள் போட்டுடாதீங்க. உங்களோடது டைமண்ட் கட். அந்த முகப்புல சில்வர் பெயிண்டே கிடையாது, லேத்துல கடைஞ்ச வெறும் அலுமினியம், மேல கிளியர் மட்டும்தான். வெளிச்சத்துல பாத்தா பழைய சிடி தட்டு மாதிரி மெல்லிய வட்டக் கோடுங்க தெரியும், ஒரு தடவை கையால தேய்ச்சா அந்தக் கோடு போயிடும், எந்த ஸ்ப்ரேயாலயும் திரும்ப வராது. கம்ப்யூட்டர்ல ஓடற சிஎன்சி லேத் வெச்சிருக்கிற அலாய் ரிப்பேர் கடைலதான் கொடுக்கணும். அங்கயும் ஒவ்வொரு தடவை கடையும்போதும் கொஞ்சம் உலோகம் குறையும், அதனால சின்ன கீறலுக்கெல்லாம் கடையக் கொடுக்காதீங்க. கிளியர் கிழிஞ்சு அலுமினியம் தெரிஞ்சா மட்டும், ஈரம் உள்ள போகாம இருக்க டச்-அப் கிளியர ஒரு சொட்டு மெல்லிய பிரஷ்ல வைங்க, அது போதும்.

கேள்வி: டூத்பேஸ்ட் போட்டா கீறல் போயிடும்னு வீடியோ பாத்தேன், நிஜமா ப்ரோ?

நகத்த வெச்சு குறுக்கால இழுத்துப் பாருங்க. நகம் மாட்டலன்னா கீறல் கிளியர்ல மட்டும்தான், ரப்பிங் காம்பவுண்ட் போட்டா போயிடும், டூத்பேஸ்ட் அந்த அளவுக்கு வேலை செய்யாது. நகம் மாட்டுச்சுன்னா ரெண்டுமே வீண். முக்கியமா ஒண்ணு, பல உரசல்ல தெரியற வெள்ளைக் கோடு கீறலே இல்ல, சுவத்துப் பெயிண்ட் நம்ம வீல்ல ஒட்டியிருக்கும், துணில தின்னர் லேசா தொட்டு தொடைச்சாலே போயிடும். ஊற வைக்காம சட்டுன்னு தொடைச்சு எடுங்க.

கேள்வி: வீல கழட்டாமலே அடிக்கலாமா? டயர பிரிக்கணுமா?

டயர பிரிக்க வேண்டாம். ஆனா வீல கழட்டுங்க, மாட்டின படியே அடிச்சா ஸ்ப்ரே டிஸ்க் மேலயும் பிரேக் பேட் மேலயும் படியும். ஜாக்கிய மட்டும் நம்பி அப்படியே விடாதீங்க, வண்டிக்குக் கீழ ஸ்டாண்ட் குடுங்க, இல்ல ஸ்டெப்னிய மாட்டி கீழ இறக்கிடுங்க. டயருக்கும் ரிம்முக்கும் நடுவுல பழைய சீட்டுக்கட்டு கார்டுங்கள வரிசையா சொருகிட்டே வாங்க, டேப் ஒட்டறத விட சுத்தமா வரும். காத்த பாதி இறக்கிட்டா கார்டு நல்லா உள்ள இறங்கும், மாட்டறதுக்கு முன்னாடி மறக்காம காத்து பிடிங்க.

கேள்வி: சென்னைல இருக்கேன். போன நவம்பர்ல அடிச்சேன், கிளியர் காஞ்சதும் பால் ஊத்தின மாதிரி வெளுத்துப் போச்சு. டப்பா டூப்ளிகேட்டா?

டப்பா மேல தப்பு இருக்காதுங்க, அது ஈரக் காத்தோட வேலை. ஸ்ப்ரேல இருக்கிற தின்னர் ஆவியாகும்போது அந்த இடம் குளிர்ந்து காத்துல இருக்கிற ஈரம் பெயிண்ட் மேலயே படிஞ்சிடும், அதான் வெள்ளை. மழைக்காலத்துல இத செய்யவே செய்யாதீங்க, பிப்ரவரி மார்ச்ல காலைல பனி ஈரம் போனதுக்கப்புறம் நிழல்ல வெச்சு அடிங்க. நேர் வெயிலும் ஆகாது, தூரத்துலயே காஞ்சு தூளாப் போய் விழும். இப்ப வெளுத்தது லேசா இருந்தா நல்லா காஞ்ச நாள்ல மெல்லிசா இன்னொரு கோட் கிளியர் அடிங்க, பல சமயம் தெளிஞ்சிடும். தெளியலன்னா 800 போட்டு தேய்ச்சு மறுபடியும்தான்.

அடிக்கிறப்ப 20-25 சென்டிமீட்டர் தள்ளி, வீலுக்கு வெளியவே ஆரம்பிச்சு வெளியவே முடிக்கணும். மெல்லிசா மூணு கோட், நடுவுல பத்து பதினஞ்சு நிமிஷம். ஒரே கோட்ல மூடிடணும்னு நினைச்சா வடிஞ்சிடும்.

கேள்வி: 2கே கிளியர் வாங்கலாமா அண்ணா? ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுல கேட்டா அதான் நல்லதுங்கறாங்க.

2கேன்னா ஹார்டனர் கலந்து இறுகற கிளியர், 1கேன்னா ஹார்டனர் இல்லாதது. பெட்ரோல், பிரேக் சூடு எல்லாத்தையும் தாங்கறதுல 2கேதான் ஒசத்தி, கடைக்காரர் சொன்னது சரி. ஆனா ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு, அது நுரையீரலுக்குப் போனா ஆஸ்துமாவே வரலாம், ஒரு தடவை ஒத்துக்காம போச்சுன்னா அப்புறம் ஆயுசுக்கும் கொஞ்சம் வாசம் பட்டாலும் மூச்சு இழுக்கும். கொரோனாவுக்குப் போட்ட மாஸ்க் இதுக்கு ஆகவே ஆகாது. அதுக்குன்னு இருக்கிற கார்ட்ரிட்ஜ் வெச்ச மாஸ்க், கண்ணாடி, கிளவுஸ், திறந்த வெளி, பக்கத்துல குழந்தைங்க இல்லாம இருக்கணும். மூடின பேஸ்மெண்ட்ல வேண்டவே வேண்டாம். இத்தனையும் முடியாதுன்னா 1கே அடிங்க, ரெண்டு வருஷம் கழிச்சு இன்னொரு தடவை அடிக்க வேண்டி வந்தா வரட்டும், உடம்பு முக்கியம்.

கேள்வி: ஈசிஆர் பக்கம் வீடு. அடிபடவே இல்ல, ஆனா கிளியருக்கு அடில வெள்ளையா புழு ஊர்ந்த மாதிரி தடம். எதனால சார்?

கடல் காத்துல இருக்கிற உப்புதான் காரணம். எங்கயோ ஒரு கல்லு பட்டு கிளியர்ல சின்ன ஓட்டை விழுந்திருக்கும், உப்பும் ஈரமும் அது வழியா புகுந்து அலுமினியத்த அரிச்சுக்கிட்டே போகும். மேலால அடிச்சு மறைக்க முடியாது, தடம் முடியற இடத்துக்கும் தாண்டி சுரண்டி எடுத்து, எட்ச் பிரைமர்ல இருந்து ஆரம்பிக்கணும். ஸ்டீல தேய்ச்ச கம்பி பிரஷ்ஷ இதுக்கு எடுத்துடாதீங்க, இரும்புத் துகள் உள்ள பதிஞ்சா அரிப்பு இன்னும் வேகமா வரும்.

கேள்வி: வெறும் ஸ்டீல் ரிம், துருப்பிடிச்சிருக்கு.

ரொம்ப சுலபம்மா. கம்பி பிரஷ் போட்டு துருவ எடுத்து, ரெட் ஆக்ஸைடு பிரைமர், மேல ரெண்டு கோட் பெயிண்ட்.

கேள்வி: பள்ளத்துல இறங்கி ரிம் ஓரம் வளைஞ்சிருக்கு, உள் பக்கம் மயிரிழை அளவு விரிசல் தெரியுது. எம்-சீல் வெச்சு அடைக்கலாமா அண்ணே?

அந்த வீல்ல வண்டிய ஓட்டவே ஓட்டாதீங்க. இப்பவே ஸ்டெப்னி மாட்டுங்க. பட்டி, எம்-சீல் எல்லாம் அழகுக்கு மட்டும்தான், பலத்துக்கு இல்ல. விரிசல் விட்ட அலாய் எப்ப உடையும்னு யாராலயும் சொல்ல முடியாது, வெல்டிங் வெச்சு தரேன்னு சொல்றவங்க கிட்டயும் போகாதீங்க, வெல்டிங் சூட்டுல சுத்தியிருக்கிற உலோகத்தோட பலமே குறைஞ்சிடும். புது வீல் விலை அதிகம்னா புதுப்பேட்டைல அதே மாடல் பழைய வீல் தேடுங்க, உள் பக்கம் முழுக்க டார்ச் அடிச்சுப் பாத்து, சுத்தும்போது வீல் ஆடுதான்னு ரன்-அவுட் செக் பண்ணி வாங்குங்க. அப்படியே டயர் சைடுவாலையும் (டயரோட பக்கவாட்டு) பாருங்க, எங்கயாவது புடைச்சிருந்தா டயரும் போச்சு.

கேள்வி: எல்லாம் அடிச்சு முடிச்சாச்சு, சூப்பரா வந்திருக்கு! எப்ப மாட்டலாம்?

சந்தோஷம் தம்பி! ஒரு நாள் முழுக்க காயட்டும். மாட்டறதுக்கு முன்னாடி ரெண்டு இடம் பாருங்க, நட்டு உக்காருற குழி, ஹப்போட (வண்டில வீல் மாட்டற இடம்) ஒட்டற பின் பக்கம். அங்க பெயிண்ட் பட்டிருந்தா சுரண்டி எடுத்துடுங்க, ஓட ஓட அந்தப் பெயிண்ட் நசுங்கி நட்டு லூசாகும். நட்ட நட்சத்திர வரிசைல எதிரெதிரா முடுக்குங்க, பானா மேல ஏறி மிதிக்காதீங்க, உங்க வண்டி மேனுவல்ல டார்க் அளவு, அதாவது எவ்வளவு பலமா முடுக்கணும்னு போட்டிருக்கும், நிறைய கார்ல 90ல இருந்து 120 நியூட்டன் மீட்டருக்குள்ள வரும். 50-100 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி ஒரு தடவை டைட் பாருங்க. ஒரு வாரத்துக்கு வாட்டர் வாஷ் பிரஷர் அந்த வீல்ல படாம பாத்துக்கோங்க.