கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: வீட்டிலேயே குடியை நிறுத்துவது. மற்ற கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கணவர் பன்னிரண்டு வருடமாகத் தினமும் அரை பாட்டில் விஸ்கி குடிக்கிறார். வரும் ஞாயிறு முதல் ஒரு சொட்டுகூடத் தொடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார். நான் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருக்கப்போகிறேன். வேறு என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

பதில்: ஞாயிறு வருவதற்குள் ஒரு மருத்துவரைப் பாருங்கள். அதுதான் முதல் ஏற்பாடு. இத்தனை வருடம் இவ்வளவு குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கிவிடும். ஒரு நாள் ஆவதற்குள் சிலருக்கு இல்லாத குரல் கேட்கும், இல்லாத உருவம் தெரியும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். மூன்றாம் நாளை ஒட்டி வருவது டெலிரியம். தான் எங்கே இருக்கிறோம், எதிரில் நிற்பது யார் என்பதே தெரியாது. காய்ச்சல் அடிக்கும், ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் எகிறும். உயிருக்கே ஆபத்தான கட்டம் இதுதான்.

நீங்கள் லீவு போடுவது நல்லது, அது மட்டும் போதாது. வீட்டில் வைத்தே நிறுத்தலாம் என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டுமானால், அவருக்கு இதற்கு முன் வலிப்போ டெலிரியமோ வந்திருக்கக் கூடாது. கல்லீரல், இதயக் கோளாறு பெரிதாக இருக்கக் கூடாது. குடிக்காத ஒருவர் ராத்திரியும் பக்கத்தில் இருக்க வேண்டும். முதல் நான்கைந்து நாள் மருத்துவரோ செவிலியரோ தினமும் பார்க்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள். அப்புறம், கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். யாரிடம் போனாலும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

கேள்வி: குடியை நிறுத்தினால் எத்தனை நாளில் சரியாகும்?

பதில்: யாருக்கு? என்ன வயது? தினமும் எவ்வளவு, எத்தனை வருடமாக? முன்பு வலிப்பு வந்ததா? கடைசியாகக் குடித்தது எப்போது? ஒன்றையும் எழுதாமல் ஒற்றை வரி எழுதினால் என்னால் என்ன சொல்ல முடியும்? பொதுவாக ஐந்து முதல் ஏழு நாள். இதை வைத்துக்கொண்டு நீங்களாக எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

கேள்வி: வார இறுதியில் மட்டும் இரண்டு பீர் குடிப்பேன். நிறுத்தினால் வலிப்பு வருமா?

பதில்: இரண்டுதான் என்பது உண்மையானால் வராது. தாராளமாக நிறுத்துங்கள்.

கேள்வி: தம்பியை ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டோம். முதல் இரண்டு நாள் "கை நடுங்குகிறது, கதவைத் திறங்கள்" என்று கத்தினான். எல்லாம் நடிப்பு என்று அப்பா சொன்னதால் திறக்கவில்லை. இன்று கத்தவில்லை. சுவரிலிருந்து எதையோ பொறுக்கிக்கொண்டே இருக்கிறான். இனிமேல் சரியாகிவிடுவானா?

பதில்: கடிதம் கைக்கு வந்ததுமே அதிலிருந்த எண்ணுக்குப் பேசி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். கொண்டுபோனார்கள். ஆனாலும் இதற்கு இங்கே பதில் எழுதாமல் விட மனமில்லை. "நடிப்பு" என்ற இந்தச் சொல்லை நான் தொழிலுக்கு வந்த நாள் முதல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மூளையை அடக்கிவைக்கும் காபா என்ற ரசாயனத்தின் வேலையை மது கூட்டுகிறது. தூண்டிவிடும் குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. வருடக்கணக்கில் தினமும் இது நடந்தால் மூளை ஈடுகட்டப் பார்க்கும். அடக்கும் பக்கம் மந்தமாகும், தூண்டும் பக்கம் வலுவாகும். அந்த நிலையில் மதுவைச் சட்டென்று எடுத்துவிட்டால் பிரேக் இல்லாத வண்டிதான். நடுக்கமும் வலிப்பும் டெலிரியமும் இதனால் வருபவை. இதில் மன உறுதிக்கு என்ன வேலை? எவ்வளவு வைராக்கியம் உள்ளவருக்கும் வலிப்பு வரும்.

தாமஸ் சட்டன் என்ற மருத்துவர் 1813-இலேயே இதற்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பெயர் வைத்துவிட்டார். 1955-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. தாமாக முன்வந்த சிலருக்கு நல்ல சாப்பாடும் விட்டமினும் கொடுத்து, வாரக்கணக்கில் மதுவும் கொடுத்து, பிறகு ஒரேயடியாக நிறுத்தினார்கள். நீண்ட நாள் குடித்தவர்களில் சிலருக்கு வலிப்பு வந்தது, சிலருக்கு டெலிரியம் வந்தது. இன்றைக்கு அப்படி ஒரு சோதனைக்கு யாரும் அனுமதி தர மாட்டார்கள். சத்துக் குறைவால் வருவது, பலவீனத்தால் வருவது என்ற பேச்சுக்கு அது முற்றுப்புள்ளி வைத்தது. இவ்வளவுக்குப் பிறகும் நடிப்பு என்கிறோம்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, தொடை எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்த ஒருவர் வார்டில் இருந்தார். குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டதற்கு, "எப்போதாவது" என்றார்கள் வீட்டார். அதையே கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டேன். மூன்றாம் நாள் ராத்திரி அவர் போர்வையிலிருந்து நூல் பிரிக்க ஆரம்பித்தார். போர்வையில் பிரிந்த நூல் ஒன்றுகூட இல்லை. வேண்டுமென்றே தொந்தரவு கொடுக்கிறார் என்று வார்டில் எல்லோரும் அவரைத் திட்டினார்கள். மூத்த மருத்துவர் வந்தார். இரண்டு கை விரல்களையும் ஒரு சாண் இடைவெளியில் பிடித்துக்கொண்டு, "இந்த நூல் என்ன நிறம்?" என்று கேட்டார். நோயாளி உற்றுப் பார்த்துவிட்டு "சிவப்பு" என்றார். கையை நீட்டி அந்த இல்லாத நூலை வாங்கி, பத்திரமாக விரலில் சுற்றிக்கொண்டார். சட்டை முழுக்க வியர்வையில் நனைந்து மெத்தையோடு ஒட்டிக் கிடந்தது. அந்த ராத்திரிக்குப் பிறகு, "எப்போதாவது" என்ற பதிலை நான் யாரிடமும் அப்படியே ஏற்றுக்கொண்டதில்லை.

சிகிச்சை சரியாக இல்லாத காலத்தில் டெலிரியம் வந்தவர்களில் மூன்றில் ஒருவர்வரை இறந்துபோனார்கள். இப்போது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. அந்த வித்தியாசத்தைக் கொண்டுவந்தது மருத்துவமனைதான். பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவர் இன்னும் பழைய காலத்தில்தான் இருக்கிறார். கத்திக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியாகிவிட்டால், கட்டுப்பட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். குழப்பம், காய்ச்சல், இல்லாததைப் பார்ப்பது, வலிப்பு இவற்றில் எது வந்தாலும் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வலிப்பின்போது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் கரண்டி உட்பட எதையும் திணிக்காதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை மீதம் இருக்கிறது. குடியை விடும்போது நடுக்கத்துக்கு அதைப் போட்டுக்கொள்ளலாமா? மருத்துவமனையிலும் அதே வகைதான் தருகிறார்கள் என்று படித்தேன்.

பதில்: படித்தது சரி, செய்ய நினைப்பது தவறு. டயஸிபாம், குளோர்டயஸிபாக்சைடு போன்றவற்றைத்தான் நாங்களும் தருகிறோம். நடுக்கம், வியர்வை, நாடித்துடிப்பு எல்லாம் பார்த்து அளவை ஏற்றி, பிறகு நாளுக்கு நாள் குறைத்து ஒரு வாரத்தில் நிறுத்துவோம். கல்லீரல் கெட்டிருந்தால் லோராஸிபாமுக்கு மாற்றுவோம், மற்றவை உடம்பிலேயே தேங்கிவிடும். இடையில் தாங்க முடியாமல் மதுவும் குடித்துவிட்டால், இரண்டும் சேர்ந்து தூக்கத்திலேயே மூச்சை நிறுத்திவிடும். அம்மாவின் மாத்திரை அம்மாவுக்கே.

கேள்வி: மூன்று முறை நிறுத்தி, மூன்று முறையும் திரும்பக் குடித்தேன். அப்போதெல்லாம் நடுக்கம் மட்டும்தான். நாலாவது முறைக்கும் மருத்துவர் எதற்கு?

பதில்: நாலாவது முறை என்பதால்தான். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் மூளை இன்னும் கொஞ்சம் எளிதில் பற்றிக்கொள்ளும்படி ஆகிறது. முதலில் நடுக்கம் மட்டும் வந்தவருக்கு அடுத்ததில் வலிப்பு வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தனியாக முயலாதீர்கள்.

கேள்வி: மருத்துவர் கிடைக்க இரண்டு நாள் ஆகும். காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது. இன்றைக்கே நிறுத்திவிடவா?

பதில்: வேண்டாம். நான் இப்படி எழுதுவது சிலருக்குப் பிடிக்காது, பரவாயில்லை. காலையில் நடுங்கும் உடம்பு, மதுவைச் சார்ந்துவிட்ட உடம்பு. மருத்துவரைப் பார்க்கும்வரை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். வழக்கத்தைவிடக் கூட்டவும் வேண்டாம், வண்டி ஓட்டவும் வேண்டாம். அதற்குள் வலிப்போ குழப்பமோ வந்தால் இரண்டு நாள் கணக்கெல்லாம் கிடையாது, அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு விட்டமின் பி1 ஊசி போடுகிறார்கள். மாத்திரை போதாதா?

பதில்: அதிகம் குடித்த குடலில் தயமின், அதாவது பி1, சரியாக ஏறாது, அதனால்தான் ஊசி. அது குறைந்தால் வெர்னிக்கி என்ற மூளைப் பாதிப்பு வரும். கண் அலைபாயும், நடை தள்ளாடும், குழப்பம் இருக்கும். போதை என்றே எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். கவனிக்காமல் விட்டால் புதிய நினைவு எதுவும் தங்காத நிலை நிரந்தரமாகிவிடும். குளூகோஸ் ஏற்றச் சொன்னாலும், தயமின் போட்டாயிற்றா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேள்வி: குடியை வெறுக்க வைக்கும் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கலாமா?

பதில்: கூடாது. டைசல்ஃபிரம் என்ற அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளே போகலாம். மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை அந்த ஆபத்து உண்டு. அவருக்குத் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கொடுத்தால் மட்டுமே.

கேள்வி: அண்ணன் நல்லபடியாக ஏழு நாள் முடித்துவிட்டார். இனி மருத்துவரிடம் போக வேண்டியதில்லையே?

பதில்: போக வேண்டும். முடிந்திருப்பது நடுக்கமும் வலிப்பு பயமும்தான். தூக்கக் குறைவும் எரிச்சலும் இன்னும் சில வாரம் இருக்கும், குடிக்கும் ஆசை அதைவிட நீளும். அந்த ஆசையைக் குறைக்கும் மருந்துகளான நால்ட்ரெக்ஸோன், அகம்ப்ரோசேட் அவருக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். தயமினை நிறுத்தாதீர்கள். என்றைக்காவது மறுபடி தொடங்கிச் சில வாரம் குடித்துவிட்டால் வெட்கப்பட்டு வீட்டில் ஒளிந்துகொண்டு நிறுத்த வேண்டாம். கடைசியாகக் குடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு அன்றைக்கே வரச் சொல்லுங்கள்.