ஏற்காட்டுக் குளிரும் சிறுத்தைப் பல்லியும்

கேள்வி: டாக்டர் ஐயா, சேலம் அம்மாப்பேட்டையில் இருந்தவரை எங்கள் மகன் வளர்க்கும் லெப்பர்ட் கெக்கோ (சிறுத்தைப் பல்லி) நன்றாகச் சாப்பிட்டது. என் கணவருக்குக் காபித் தோட்டத்தில் வேலை கிடைத்து ஏற்காட்டுக்குக் குடிவந்தபின், மூன்று வாரமாக இரையைத் தொடவில்லை. தொட்டிக்கு அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடேறும் விரிப்பு) இரவும் பகலும் ஓடுகிறது. கண்ணாடியில் ஒட்டிய வெப்பமானி 19 டிகிரிதான் காட்டுகிறது. நேற்று அதன் வயிற்றில் செந்நிறத் திட்டு ஒன்றைக் கண்டோம். இது குளிரால் வந்ததா?
– வாசகி, ஏற்காடு

பதில்: பசியின்மைக்குக் குளிர் காரணமாக இருக்கலாம்; ஆனால் வயிற்றுத் திட்டு, நீங்கள் சொல்வதைப் பார்த்தால், சூட்டுப்புண்ணாகவே தோன்றுகிறது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்கள் ஊரின் தை மாதக் குளிரில் தொட்டிக் காற்று குளிர்ந்துவிட, சூடு கிடைக்கும் ஒரே இடமான ஹீட் மேட்டின் மேலேயே பல்லி நாள் முழுக்க ஒட்டிக் கிடந்திருக்கும். தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாத மேட்டின் சூடு சில நேரம் 40 டிகிரியையும் தாண்டிவிடும். அதைக் கண்ணாடியில் ஒட்டிய வெப்பமானி காட்டாது. எனவே பல்லியின் வயிறு படும் தரையைத்தான் அளக்க வேண்டும் என்று என்னிடம் வருவோரிடமெல்லாம் வற்புறுத்திச் சொல்கிறேன்.

இன்றே ஒரு தெர்மோஸ்டாட் வாங்கி, அதன் உணர்கம்பியை மேட்டுக்கு நேர்மேலே தரையில் பதித்து, 32 முதல் 34 டிகிரிக்குள் நிறுத்துங்கள். மேட் தரையின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மூடட்டும். மறுமுனை 25 டிகிரியை ஒட்டி இருந்தால், சூடு மிகும்போது பல்லி தானே விலகிக்கொள்ளும். ஆனால் மேட் தரையைச் சூடாக்குமே தவிரக் காற்றை அவ்வளவாகச் சூடாக்காது. ஏற்காட்டில் அதனுடன், வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் ஒன்றை, பல்லி எட்டாதபடி கூண்டுவலையிட்டு, தனித் தெர்மோஸ்டாட்டுடன் மேலே பொருத்துவது நல்லது. மின்சாரம் நின்றால், வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றித் தொட்டியின் ஒரு மூலையில் வைத்து, தொட்டியைச் சுற்றிக் கம்பளியால் போர்த்துங்கள். காற்றோட்டத்தை அடைத்துவிட வேண்டாம்.

உடல் சூடாகாமல் இந்தப் பல்லிக்குச் செரிமானம் நடக்காது. ஆகவே வெப்பம் சீராகும்வரை, வாயைத் திறந்து இரையைத் திணிக்காதீர்கள்; தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். வளர்ந்த பல்லி வாலில் சேர்த்த கொழுப்பைக் கொண்டு சில வாரம் தாங்கும். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதிவையுங்கள். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ (60 கிராம் இருந்தது 54 ஆவதுபோல), வால் ஒட்டி எலும்பு தெரிந்தாலோ காத்திருக்கக் கூடாது.

புண்ணுக்கு மஞ்சள், எண்ணெய், பற்பசை எதையும் தடவாதீர்கள். மணலை எடுத்துவிட்டு வெள்ளைக் காகிதத் துண்டு விரியுங்கள். புண்ணிலிருந்து நீர் கசிந்தால் அதில் உடனே தெரியும். வெந்த தோலில் தொற்று எளிதில் ஏறும் என்பதால், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கும்வரை, காற்றுத் துளையிட்ட சிறு பெட்டியில் துண்டு விரித்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பல்லி தோலுரித்த பிறகு ஒரு விரல் நுனி கறுத்திருக்கிறது. பிடித்து உரித்துவிடலாமா?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: பிடித்து இழுக்காதீர்கள். சேலத்து வெயிலில் தொட்டி வறண்டுவிட, உரியாத தோல் விரலில் நூல்போல இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுத்திருக்கிறது. தாமதித்தால் விரல் உதிர்ந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் கால் மட்டும் நனையும்படி கால் மணி நேரம் நிற்கவைத்து, ஈரப் பஞ்சால் நுனியை நோக்கி மெல்ல உருட்டுங்கள். வராவிட்டாலும், வந்தபின் கறுப்பு மாறாவிட்டாலும், மருத்துவரிடம் செல்லுங்கள். இனி ஈரப்பாசி வைத்த மூடிய டப்பா ஒன்று, பக்கவாட்டில் நுழைவாயிலுடன், தொட்டியில் எப்போதும் இருக்கட்டும்.